சபுரும் வீடும்: இரு நாடுகளில் வாழும் குடும்பமும் ஃபிக்ஹுச் சட்டமும்

நம் கடற்கரை ஊர்களில் 'சபுர்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்பார் எவருமில்லை. 'மாப்பிள்ளை சபுரில் இருக்கிறார்' என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். பிழைப்பின் பொருட்டு அயல்நாடு சென்றவர் 'சபுராளி' எனப்படுவார். அரபியின் 'ஸஃபர்' என்ற சொல்லே நம் நாவில் இவ்வாறு திரிந்து நிலைத்துவிட்டது. ஸீன், ஃபா, ரா என்ற இம்மூன்றெழுத்து மூலத்திற்குத் திரை விலகுதல், வெளிப்படுதல் என்ற பொருளும் உண்டு. வைகறை வெளிச்சம் பரவுவதை 'இஸ்ஃபார்' என்பர். முகத்திரை விலக்கிய பெண்ணை 'ஸாஃபிரா' என்பர். மனிதனின் உண்மையான குணத்தை வெளிப்படுத்துவதால் பயணம் 'ஸஃபர்' எனப்பட்டது என்று மொழி அறிஞர்கள் விளக்கம் கூறுவர்.

பயணம் வெளிப்படுத்துவது பயணியின் குணத்தை மட்டுமா? அவன் விட்டுச் சென்ற வீட்டின் நிலையையும் அது வெளிக்கொணர்கிறது. ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் 'பயணியின் தொழுகை' என்று தனியொரு பாடம் இருக்கிறது. கஸ்ரு, ஜம்உ, நோன்பை ஒத்திவைத்தல், காலுறையின் மீது மூன்று நாள் மஸ்ஹுச் செய்தல் எனப் பயணிக்குரிய சலுகைகள் அங்கு வரிசையாகக் கூறப்படும். 'வீட்டில் காத்திருப்போர்' என்ற தலைப்பில் பாடம் ஏதும் இல்லை. இதைக் கண்டு, மார்க்கச் சட்டம் பயணியைப் பற்றியே கவலை கொண்டது, பின்தங்கியோரை மறந்துவிட்டது என எவரேனும் முடிவு கட்டினால் அது பிழையாகும். காத்திருப்போருக்குரிய சட்டம் நஃபகா, நிகாஹின் நிபந்தனைகள், காணாமற்போன கணவன் எனப் பல பாடங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒருங்கே வைத்துப் படிப்போருக்கு ஓர் அடிப்படை புலனாகும். குடும்பத்தைப் பிரிந்து வாழ்வது தேவையின்பாற்பட்ட ஓர் அனுமதி. தேவைக்கு எல்லை உண்டு. ஆகவே அனுமதிக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையை வகுப்பதில் காத்திருப்பவருக்கும் பங்குண்டு. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது சொந்த ஊர்?

இரு நாடுகளில் வாழ்பவனுக்குச் சொந்த ஊர் எது என்ற வினாவைத் தொழுகைச் சட்டத்தின் வழியாகவே ஃபுகஹாக்கள் ஆராய்ந்துள்ளனர். ஹனஃபி அறிஞர்கள் வத்தனை மூவகையாகப் பிரிப்பர். பிறந்து அல்லது மணமுடித்து நிலைகொண்ட ஊர் 'வத்தன் அஸ்லீ'. பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ தங்க எண்ணிய ஊர் 'வத்தன் இகாமா'. அதனினும் குறைவாகத் தங்கும் இடம் 'வத்தன் ஸுக்னா'. பயணம் புறப்பட்டால் இரண்டாம் வகை நீங்கிவிடும். முதல் வகை அவ்வாறு நீங்குவதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு நாள் ஊர் திரும்பினாலும் அவன் அங்கு முழுமையாகவே தொழ வேண்டும்.

ஒருவனுக்கு இரண்டு வத்தன் அஸ்லீ இருக்கலாமா? இருக்கலாம் என்கிறார் 'பதாயிஉஸ் ஸனாயிஉ' நூலாசிரியர் இமாம் காஸானி (மறைவு ஹிஜ்ரி 587). இரண்டு ஊர்களில் ஒருவனுக்கு மனைவி மக்கள் நிலைத்து வாழ்வார்களாயின் இரண்டுமே அவனது சொந்த ஊர்கள். எந்த ஊரில் நுழைந்தாலும் அவன் பயணியல்லன். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் மினாவில் தொழுகையைச் சுருக்காமல் நான்கு ரக்அத்தாகத் தொழுதார்கள். அதற்கு அறிஞர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று, அவர்கள் மக்காவிலும் குடும்பம் அமைத்திருந்தார்கள் என்பது. அவ்வறிவிப்பின் வலிமை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், வீடு என்பது குடும்பம் இருக்குமிடம் என்ற கருத்து நம் முன்னோரிடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அவ்விளக்கமே சான்று.

நம் கடற்கரையில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இதனினும் நுட்பமான ஒரு பாகுபாடு காணப்படுகிறது. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணியவன் 'முகீம்' ஆகிவிடுகிறான். அவனுக்குக் கஸ்ரு இல்லை. ஆயினும் என்றேனும் ஊர் திரும்பும் எண்ணத்துடன் தங்கியிருப்பவன் 'முஸ்தவ்தின்' ஆவதில்லை. மாரியிலும் கோடையிலும் தேவையின்றி ஊரைவிட்டு நீங்காதவனே முஸ்தவ்தின். ஜும்ஆவுக்கு வேண்டிய நாற்பது பேரின் எண்ணிக்கையில் முஸ்தவ்தின்களே சேர்வர். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் துபாய்க்கோ தம்மாமுக்கோ சென்றவர் மீது ஜும்ஆ கடமை. ஆனால் அந்த நாற்பதில் அவர் சேரார். கடமை உண்டு, கணக்கில் இடமில்லை. தொழுகைக்காக வகுக்கப்பட்ட இச்சட்டம் அயல்நாட்டுத் தொழிலாளியின் வாழ்வைப் படம் பிடித்தாற்போல் அமைந்திருப்பதை மாணவர்களுக்கு இப்பாடம் நடத்தும் ஒவ்வோராண்டும் எண்ணிப் பார்ப்பதுண்டு. தந்தை வளைகுடாவில் இருக்கும் மாணவர்கள் இவ்விடத்தில் தலை நிமிர்ந்து கேட்பார்கள்.

விட்டுச் சென்றவர்களைக் காண வந்தவர்

இரு நாடுகளுக்கிடையே பிரிந்த குடும்பத்திற்கு முதல் எடுத்துக்காட்டு நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் குடும்பம். அன்னை ஹாஜர் (அலை) அவர்களையும் பச்சிளம் குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களையும் பயிரில்லாப் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு அவர்கள் ஷாம் நாடு திரும்பிய செய்தியை ஸூரத்து இப்ராஹீமின் 37ஆம் வசனம் சுட்டுகிறது. இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாக வரும் புகாரியின் நீண்ட ஹதீஸ் அதனை விரித்துரைக்கிறது. இதை உரைகளில் கேளாதவர் எவருமிலர். ஆயினும் அந்த ஹதீஸில் இரண்டு இடங்கள் நம் தலைப்போடு நெருங்கிய தொடர்புடையவை.

முதலாவது, அன்னை ஹாஜரின் வினா. கணவர் திரும்பி நடக்கையில் அவர்கள் பின்தொடர்ந்து சென்று பலமுறை வினவுகிறார்கள். இது இறைவனின் ஆணையா எனக் கேட்டு, ஆம் என்ற மறுமொழி கிடைத்த பின்னரே மனம் அமைதியுற்றுத் திரும்புகிறார்கள். நபியின் மனைவிகூட, 'எதற்காக எங்களை விட்டுச் செல்கிறீர்கள்?' எனக் கேட்டார்கள். கேள்விக்கு விடையும் பெற்றார்கள். காரணம் அறியும் உரிமை அது.

இரண்டாவது, பின்னாளில் நபி இப்ராஹீம் (அலை) மக்கா வந்த செய்தி. அன்னை ஹாஜர் மறைந்து, இஸ்மாயீல் (அலை) மணமுடித்தபின் அவர்கள் வந்ததைக் குறிக்கும்போது, தம் 'தரிகா'வைப் பார்த்துவர வந்தார்கள் என்கிறது ஹதீஸ். 'தரிகா' என்றால் விட்டுச் செல்லப்பட்டது. இறந்தவர் விட்டுச் செல்லும் சொத்துக்கு ஃபராயிள் நூல்களில் வழங்கும் 'தரிகத்து' என்ற சொல்லும் இதே மூலத்தில் பிறந்ததே. மகன் வீட்டில் இல்லை. மருமகளிடம் அவர்கள் கேட்டவை இரண்டு: உங்கள் வாழ்க்கைச் செலவு எவ்வாறு? உங்கள் நிலைமை எவ்வாறு? பணம் பற்றிய வினா ஒன்று, மனம் பற்றிய வினா மற்றொன்று. சபுராளிகள் பலர் முதல் வினாவைத் தவறாமல் கேட்கின்றனர். இரண்டாவதைக் கேட்போர் குறைவு.

நபித்தோழியரின் வாழ்விலும் இத்தகைய பிரிவுகள் நேர்ந்தன. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்துக்காகக் கணவருடன் புறப்பட்டபோது பிறந்த குலத்தார் அவர்களைத் தடுத்து நிறுத்தினர்; கணவரின் குலத்தார் குழந்தையைப் பறித்துச் சென்றனர். கணவர் மதீனாவில், குழந்தை வேறிடத்தில், தாம் மக்காவில் என மூவரும் மூன்றிடத்தில் ஏறத்தாழ ஓராண்டு பிரிந்திருந்தனர். அன்னாள்களில் உம்மு ஸலமா (ரலி) நாள்தோறும் வெளியிடம் சென்று அழுதிருந்ததை வரலாற்று நூல்கள் மறைக்கவில்லை. ஏகத்துவத்திற்காக ஏற்ற பிரிவாயினும் அழுகை அழுகையே. பொறுமை என்ற சொல்லைக் கொண்டு பெண்களின் வாயை அடைக்க முற்படுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெருமானார் (ஸல்) காட்டிய அளவு

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுக்கிறது என்றும், தேவை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் பொருள்படும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களை ஒத்த இளைஞர்களும் மார்க்கம் கற்க மதீனா வந்தனர். இருபது இரவுகள் கழிந்தபோது, அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்பதை உணர்ந்த பெருமானார் (ஸல்), குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுக்குக் கற்பிக்குமாறு பணித்தார்கள். இன்னொருவர் படையெடுப்பில் பெயர் பதிவு செய்திருந்தார். அவர் மனைவியோ ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டார். மனைவியுடன் சென்று ஹஜ் செய்யுமாறு அவருக்குக் கட்டளை கிடைத்தது. கல்வியும் அறப்போரும் குடும்பத்தின் பொருட்டு இவ்வாறு வழிவிட்டன எனில், வணிகத்துக்கும் வேலைக்கும் எவ்வளவு இடம் என்பதை நாம் உய்த்துணரலாம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இவ்வழிகாட்டல் அரச ஆணையாகவே வடிவெடுத்தது. இரவு நகர்வலத்தில் கணவன் போர்முனையிலிருந்த ஒரு பெண்ணின் புலம்பலைக் கேட்ட அவர்கள், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் எனத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். விடை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அதன்படி வீரர்களின் பணிக்காலத்துக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஹன்பலி இமாம் இப்னு குதாமா தமது 'முக்னீ'யில் இதற்கு விளக்கம் தருகிறார்: போக ஒரு மாதம், தங்க நான்கு மாதம், திரும்ப ஒரு மாதம். காரணமின்றி ஆறு மாதத்துக்கு மேல் பிரிந்திருக்கும் கணவனைத் திரும்பி வருமாறு கோர மனைவிக்கு உரிமையுண்டு என்பது அம்மத்ஹபின் நிலைப்பாடு.

அதே நூல் தக்க காரணத்தால் திரும்ப இயலாதவனுக்கு விலக்கும் அளிக்கிறது. உண்மையான தேவைக்காகச் சென்றவனைக் குற்றவாளியாக்க ஃபிக்ஹு விரும்பவில்லை. சிக்கல் எழுவது தேவை என்ற சொல்லில்தான். கடனை அடைக்கச் சென்றவர் கடன் அடைந்தபின் வீடு கட்டத் தங்குகிறார். வீடு முடிந்தபின் மகள் திருமணத்துக்குத் தங்குகிறார். அதுவும் முடிந்தபின் மனை வாங்கத் தங்குகிறார். ஒவ்வொரு முறையும் தேவை புதிதாகப் பிறக்கிறது. அது தேவைதானா எனத் தீர்மானிப்பவர் அவர் ஒருவரே. ஹதீஸ் கூறும் 'தேவை முடிந்ததும்' என்ற எல்லை இவ்வாறு எட்டாத தொலைவுக்குத் தள்ளப்படுகிறது.

இங்கு அல்பகராவின் 233ஆம் வசனம் நமக்கு வழிகாட்டக்கூடும். குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைப் பற்றிக் கூறுகையில் தாயும் தந்தையும் மனமொப்பிக் கலந்தாலோசித்து முடிவு செய்ய வேண்டும் என அவ்வசனம் வலியுறுத்துகிறது. சில மாதப் பால்குடியை நிறுத்துவதற்கே இருவரின் சம்மதமும் ஆலோசனையும் வேண்டுமெனில், அதே குழந்தை தந்தை முகம் காணாமல் பல ஆண்டுகள் வளர்வதற்கு அவை எத்துணை அவசியம்! ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மனைவியின் ஒப்புதல் புதிதாகப் பெறப்பட வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவாகும்.

சோழமண்டலக் கரையின் அனுபவம்

நம் முன்னோருக்குக் கடல் கடந்த வாழ்வு புதிதன்று. மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் மலாக்காவில் பிறந்தவர். தம் குடும்ப வரலாற்றை அவரே எழுதி வைத்துள்ளார். யமன் நாட்டு அரபியரான கொள்ளுப்பாட்டனார் நாகூர் வந்து மார்க்கக் கல்வி போதித்து, அங்கே மணமுடித்து நான்கு ஆண்மக்களைப் பெற்றார்; பின்னர் யமன் திரும்பி அங்கேயே மறைந்தார். மக்கள் நால்வரும் கிழக்கு நாடுகளுக்குக் கப்பலேறினர். ஒருவர் மலாக்காவில் குடும்பம் அமைத்தார். ஏனையோர் பிற பகுதிகளில் பரவினர். மூன்று தலைமுறைக்குள் யமன், நாகூர், மலாக்கா என ஒரு குடும்பம் சிதறிய கதை இது. மலாக்காவில் வளர்ந்த அப்துல்லாஹ் சிறு வயதில் தமிழ் கற்க அனுப்பப்பட்டார்.

1801இல் தோன்றிய பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் 1826இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் நம் வணிகர் அங்கு வேரூன்றியதற்குச் சான்றுகள். அவர்களுள் பலர் அங்கேயும் மணமுடித்தனர். மலாய்த் தாய்க்கும் இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பிறந்தோர் 'ஜாவி பெரானக்கான்' எனவும், பர்மியத் தாய்க்குப் பிறந்தோர் 'ஜெர்பாதி' எனவும் பெயர் பெற்றனர். இக்கரையில் ஒரு வீடு, அக்கரையில் ஒரு வீடு. இரண்டையும் நீதியுடன் நடத்தியோர் உண்டு. அக்கரைக் குடும்பத்தின் செய்தி தந்தையின் மரணத்துக்குப் பின்னரே, வாரிசுக் கணக்குப் பார்க்கையில் வெளிப்பட்ட வீடுகளும் உண்டு.

ஆடவர் நெடுங்காலம் ஊரில் இல்லாத நிலைமைக்கு நம் ஊர்கள் ஓர் ஏற்பாடு கண்டன. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் மணமான பெண் தாய் வீட்டை விட்டு நீங்குவதில்லை. மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீடு கொடுத்தல் அங்கு வழக்கம். இவ்வழக்கின் தோற்றம் பற்றிப் பலவாறு கூறுவர். அதன் பயன் வெளிப்படையானது: கணவன் கடல் கடந்திருக்கையில் மனைவி தன் தாய், தமக்கையரிடையே தன் சொந்தக் கூரையின்கீழ் வாழ்கிறாள். அவ்வீடுகளின் பொருளாதாரச் சுமை பெண்ணைப் பெற்றோரை எவ்வளவு அழுத்துகிறது என்பது தனியே எழுத வேண்டிய செய்தி. ஆயினும் காத்திருப்பவளுக்கு நிலையான இடம் வேண்டும் என உணர்ந்த சமூகம் இது என்பதில் ஐயமில்லை.

எல்லைகள் இறுகிய காலம்

கப்பல் சென்றது போலவே திரும்பியும் வரும் என்ற நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தகர்ந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மூன்றரை ஆண்டுகள் மலாயாவுக்கும் தமிழகத்துக்குமிடையே கடிதமும் பணமும் நின்றுபோயின. அதே ஆண்டில் பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே வெளியேறினர். வழியில் மடிந்தோர் பலர். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், கொழும்புப் புறக்கோட்டையில் தலைமுறைகளாகக் கடை நடத்திய 'இந்தியச் சோனகர்' அயல்நாட்டவராயினர். 1964இல் பர்மியக் கடைகள் அரசுடைமையானபோது வெறுங்கையுடன் ஊர் திரும்பியோர் பர்மிய மனைவி மக்களுடன் வந்ததும் உண்டு. அவர்களை அங்கேயே விட்டு வந்ததும் உண்டு. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் இந்தியக் குடியுரிமையை நீக்கிவிடுகிறது. இரண்டு வத்தன் அஸ்லீயை இமாம் காஸானி ஏற்றார்; இரண்டு கடவுச்சீட்டைப் புதிய அரசுகள் ஏற்கவில்லை.

கடிதம் நின்றுபோன வீடுகளில் ஒரு வினா எழுந்தது: அவர் உயிருடன் இருக்கிறாரா? ஃபிக்ஹு இவரை 'மஃப்கூத்' என்றழைக்கும். உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு முவத்தாவில் உள்ளது: மனைவி நான்காண்டு காத்திருந்து, பின்னர் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து விடுதலை பெறுவாள். மாலிகி மத்ஹப் இதனை ஏற்றது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பழைய கருத்தும் இதுவே. ஆனால் அவர்களின் புதிய கருத்துப்படி மரணமோ தலாக்கோ உறுதியாகும்வரை அவள் அவனுடைய மனைவியே. ஹனஃபி மத்ஹபிலோ அவனையொத்த வயதினர் மறையும்வரை காத்திருக்க வேண்டும். இருபது வயதுப் பெண்ணுக்கு இது ஏறத்தாழ வாழ்நாள் முழுமைக்குமான காத்திருப்பாகும்.

இத்தகைய திருமணங்களிலிருந்து விடுபட வேறு வழியறியாத பெண்கள் சிலர் மதம் மாறியதாக அறிவித்து நீதிமன்றம் வழியே மணமுறிவு பெறும் அவலம் வட இந்தியாவில் ஏற்பட்டது. அதைக் கண்டு நெஞ்சம் துடித்த மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்), மதீனாவின் மாலிகி அறிஞர்களிடம் ஃபத்வா பெற்று 1930களின் தொடக்கத்தில் 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்ற நூலை வெளியிட்டார்கள். கடும் தேவை நேர்கையில் ஹனஃபிகள் மாலிகித் தீர்ப்பை ஏற்று நடக்கலாம் என அந்நூல் நிறுவிற்று. அதன் தாக்கம் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் காணப்படுகிறது. கணவன் இருக்குமிடம் நான்காண்டு தெரியாதிருத்தல், ஈராண்டு நஃபகா தராதிருத்தல், தக்க காரணமின்றி மூன்றாண்டு இல்லறக் கடமை தவறுதல் ஆகியவற்றை முறிவுக்குரிய காரணங்களுள் அது சேர்த்தது. முதற்காரணத்தால் வழங்கப்படும் தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே செயலுக்கு வரும். இடையில் கணவன் தோன்றிக் கடமையாற்ற இசைந்தால் தீர்ப்பு நீங்கும். சபுராளிகளின் ஊரில் இச்சட்டத்தை அறியாத பெண்கள் இன்றும் பலர் என்பது வருந்தத்தக்கது.

வளைகுடாவின் புதிய பிரிவு

1973இன் எண்ணெய் விலை உயர்வுக்குப் பின் திறந்த வளைகுடா வாசல் நம் ஊர்களின் வறுமையைப் போக்கியது. பள்ளிவாசல்களையும் கல்விக்கூடங்களையும் அப்பணம் எழுப்பியது. அந்த நன்றியை மறக்கலாகாது. ஆனால் மலாயாவும் இலங்கையும் போலன்றி, வளைகுடா நம்மவரை வேரூன்ற விடவில்லை. தங்கும் அனுமதி வேலையோடு கட்டுண்டது; குறிப்பிட்ட ஊதியத்துக்குக் கீழுள்ளோர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள இயலாது. ஃபிக்ஹில் 'கஃபாலா' என்பது பிறர் கடனுக்குத் தான் பொறுப்பேற்றல். அங்கு அச்சொல் தொழிலாளியின் நடமாட்டத்தையே முதலாளியிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்குப் பெயராயிற்று. கத்தார் 2020இலும் சவூதி அரேபியா 2021இலும் அவ்விதிகளைத் தளர்த்தின. எனினும் குடும்பத்தை உடன் வைத்திருப்பதன் செலவு குறையவில்லை. சவூதியில் 2017 ஜூலையில் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் எனத் தொடங்கிய கட்டணம் ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று மக்களும் உடையவர் மாதம் 1,600 ரியால் செலுத்த வேண்டும். அதனைத் தாங்க இயலாமல் குடும்பத்தை ஊருக்கு அனுப்பியோர் ஏராளம்.

1990 ஆகஸ்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோதும், 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோதும், ஒரு குடும்பம் இரு நாடுகளில் இருப்பதன் பொருள் ஒரே நாளில் எல்லோருக்கும் விளங்கிற்று. தந்தையின் ஜனாஸாவைக் கைபேசித் திரையில் கண்ட மக்களை நாம் அறிவோம். இலங்கையின் கிழக்குக் கரையிலோ பல வீடுகளில் பயணி தாயாகவே இருக்கிறாள். பணிப்பெண்ணாகச் சென்றவளின் குழந்தைகளைப் பாட்டிமார் வளர்க்கின்றனர். அங்கு இவ்வினா இன்னும் கடுமையாகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நஃபகா பற்றிய அறிவு. கணவன் அனுப்பாது விட்ட நாட்களின் நஃபகா ஷாஃபிஈ மத்ஹபில், காழியின் தீர்ப்பு இல்லாவிட்டாலும், அவன் மீது கடனாக நிற்கும். ஹனஃபி மத்ஹபில் தீர்ப்போ இருவரின் உடன்பாடோ இருந்தால்தான் கடனாகும். ஆகவே ஹனஃபிக் குடும்பங்கள் பயணத்துக்கு முன்பே தொகையைப் பேசி எழுதி வைத்தல் இன்றியமையாதது. உமர் (ரலி) அவர்கள் படைத்தலைவர்களுக்கு எழுதிய ஆணையில், மனைவியரைப் பிரிந்திருப்போர் நஃபகா அனுப்ப வேண்டும், இல்லையேல் தலாக் கொடுக்க வேண்டும், தலாக் கொடுப்போர் கடந்த நாட்களுக்குரியதையும் சேர்த்து அனுப்ப வேண்டும் எனக் கட்டளையிட்டார்கள். அப்பணம் மாமியார் கைக்கோ மைத்துனர் கைக்கோ செல்வதும், மனைவி அவர்களிடம் கேட்டுப் பெறுவதும் நஃபகாவின் உரிமையைச் சிதைப்பதாகும்.

இரண்டாவது, நிகாஹின்போதே நிபந்தனை. மனைவியை அவள் வீட்டிலிருந்து அகற்றுவதில்லை என வாக்களித்த ஒருவரின் வழக்கில், உரிமைகள் நிபந்தனையோடு நின்றுவிடும் என்ற கருத்தில் உமர் (ரலி) தீர்ப்பளித்தார்கள். ஹன்பலி மத்ஹப் இதை முழுமையாக ஏற்கிறது. ஹனஃபி மத்ஹபில் தலாக்கின் உரிமையைக் குறிப்பிட்ட நிபந்தனையுடன் மனைவியிடம் ஒப்படைக்கும் 'தஃப்வீள்' உண்டு. மௌலானா தானவியும் அதனைப் பரிந்துரைத்தார்கள். ஷாஃபிஈகளுக்கோ இந்தோனேசியச் சகோதரர்களின் வழக்கம் முன்னே இருக்கிறது. அங்கு மணமகன் நிகாஹுக்குப் பின் 'தஃலீக்' வாசகத்தைப் படிக்கிறான்: தொடர்ந்து ஈராண்டு மனைவியை விட்டு நீங்கினாலோ மூன்று மாதம் நஃபகா தராவிட்டாலோ, அவள் மார்க்க நீதிமன்றத்தில் முறையிட்டு அது ஏற்கப்பட்டு, சிறு ஈட்டுத்தொகையும் செலுத்தினால் ஒரு தலாக் நிகழும். நம் மத்ஹபைப் பின்பற்றும் நாட்டில், நம் முன்னோர் வணிகம் செய்த கடற்பரப்பில் நடைமுறையிலுள்ள இவ்வழக்கத்தை நம் நிகாஹ் தஃப்தர்களில் சேர்க்க இயலுமா என்பதை ஆலிம்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் கூடி ஆராய வேண்டும்.

மூன்றாவது, திரும்பும் நாளைக் குறித்தல். பயணத்தின் நோக்கம் என்ன, அது எத்தொகையில் அல்லது எவ்வாண்டில் நிறைவுறும் என்பதைக் கணவனும் மனைவியும் புறப்படும்போதே பேசி முடிவு செய்யட்டும். நோக்கம் மாறினால் மீண்டும் பேசட்டும். மனைவி 'போதும், வந்துவிடுங்கள்' என்று சொல்வாளாயின் அது நன்றிகெட்ட சொல்லாகாது. ஹன்பலி இமாம்கள் அவளுக்கு எழுதித் தந்த உரிமை அது. இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துத் திரும்பும் தந்தை, வளர்ந்த மக்களிடையே விருந்தாளி போல் அமர்ந்திருக்கும் காட்சி நம் ஊர்களில் மலிந்திருக்கிறது. அவர் செய்த தியாகம் பெரிது. அதைவிடப் பெரியதை இழந்துவிட்டோமோ என அவர் எண்ணும் நிலை இனி வருவோருக்கு வரலாகாது.

பிரிந்து வாழ நேர்ந்த குடும்பங்களுக்கு அல்லாஹ் ஒற்றுமையையும் மனநிறைவையும் அருள்வானாக. பயணிகள் அனைவரையும் நலத்துடன் அவர்தம் வீடுகளுக்குத் திருப்பித் தருவானாக. ஆமீன்.